மேலும் பார்க்க: ட்ராப், ஹோல்ட்

செப்டம்பர் 1, திங்கள்

புதுப் பதிப்பு இந்த மாதக் கடைசியில் வெளியாகிறது. அதற்குள் கையேடு முழுவதையும் ஒருமுறை படித்துத் திருத்தியாக வேண்டும். கம்பெனியில் கையேடு எழுத மொத்தம் இரண்டே பேர். தலைவர் நான், தொண்டர் ஜெனிட்டா. தொண்டர் தலைவர் பேச்சைக் கேட்பதில்லை என்பதுதான் கட்சியின் இன்றைய நிலவரம்.

எங்கள் மென்பொருள் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. யார் முதலில், யார் அடுத்து, யாருக்கு என்றைக்கு ஆபரேஷன் எல்லாம் அதற்குள் இருக்கும். அதைத் தங்கள் வசதிக்கு ஏற்ப வளைத்துக்கொள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு ப்ரோகிராமர் இருப்பார். அவருக்காக நாங்கள் சில நூறு ஃபங்ஷன்கள், அதாவது தயார்க் கட்டளைகள், கொடுக்கிறோம். வரிசையில் ஆள் சேர்க்க ஒன்று, இடம் மாற்ற ஒன்று, நாள் முடிந்ததும் வரிசையை மூட ஒன்று, இப்படி. ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் ஒரு பக்கம். பக்கத்தின் அடியில் 'மேலும் பார்க்க' என்று சம்பந்தப்பட்ட மற்ற ஃபங்ஷன்களின் பெயர்கள் வரும்.

சண்டை இந்த அடிவரியில்தான். பெயர்கள் மட்டும் வர வேண்டும், ஆங்கில அகரவரிசையில் வர வேண்டும், விளக்கம் கூடாது என்பது விதி. விளக்கம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துக்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில்தான் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எழுதிய விதிப்புத்தகத்தில் இது முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஜெனிட்டாவோ ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதுகிறார். எப்போது அங்கே போக வேண்டும், போனால் என்ன கிடைக்கும் என்று.

“சார், கைகாட்டி மரத்துல ஊர் பேரு மட்டும் போட்டா போதுமா? அங்க எதுக்குப் போகணும்னு வண்டி ஓட்டுறவருக்குத் தெரிய வேண்டாமா?” என்று கேட்டார்.

“போற ஊர் தெரியாதவங்க எதுக்கும்மா வண்டி எடுக்கறாங்க?” என்றேன்.

சிரித்துவிட்டார். ஆனால் திருத்தவில்லை. நாகர்கோவில்காரர், பிடிவாதம் அதிகம். வந்து ஒரு வருடமாகக் காண்டிராக்டில் இருக்கிறார், நவம்பரில் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. கணவர் மஸ்கட்டில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அனிஷா ஊரில் மாமியாரிடம். வேலை நிரந்தரமானதும், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பிள்ளையைக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். டீ குடிக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான். அனிஷா வீடியோ காலில் 'இன்னும் எத்தன சண்டே' என்று கேட்கிறாளாம்.

செப்டம்பர் 3, புதன்

வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. சாருமதி பள்ளியிலிருந்து வந்ததும் அதன் கையேட்டைத் தேடி எடுத்தாள். கணக்கு டீச்சர், எதையும் முதல் வரியிலிருந்து படிப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தால் 22ஆம் பக்கம் பார்க்கவும். 22ஆம் பக்கத்தில் 'பராமரிப்பு, 9ஆம் பக்கம் பார்க்கவும்'. 9ஆம் பக்கத்தில் 'விளக்குகள், 22ஆம் பக்கம் பார்க்கவும்'.

“ஏங்க, உங்க ஆளுங்கதான் எழுதியிருக்கணும். போங்க போங்கன்னு வெரட்டறாங்களே ஒழிய, எதுக்குப் போகணும்னு ஒரு வார்த்த சொல்றாங்களா பாருங்க.”

எழுதியவன் அரைகுறை என்றேன். முறையில் தப்பில்லை, ஆளில்தான் தப்பு. அவள் மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

விடுமுறை. மொட்டை மாடிக் குழாயைச் சரிசெய்தேன். மறுபடி ஒழுகுகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மீட்டிங். எங்கள் பிரிவுக்கு மேலே சிதம்பரசாமி. என்னைவிட வயதில் சின்னவர், பொள்ளாச்சிப் பக்கம், மரியாதை தெரிந்தவர். கையேட்டை அவர் திறந்து பார்ப்பது வருடத்துக்கு ஒருமுறை. இன்று அந்த ஒருமுறை. கண்ணில் பட்ட ஒரு பக்கத்தைத் திறந்து, அடிவரியைச் சத்தமாகப் படித்தார். வரிசையை மூடும் ஃபங்ஷனின் பக்கம். ஜெனிட்டா ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது:

'வரிசையில் ஆள் மீதி இருந்தால் மூட முடியாது. மீதி இருப்பவர்கள் இன்னொரு நாள் வருவார்கள் என்றால் ஹோல்ட் பக்கத்துக்குப் போகவும். அது அவர்களை அதே ஒழுங்கில் தனியே எடுத்து வைக்கும். ஒருவர்கூட வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ட்ராப். அதில் போனவர்களைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.'

“இது புரியுதுங்க” என்றார் சிதம்பரசாமி. “எனக்கே புரியுதுன்னா பார்த்துக்குங்களேன்.” எல்லோரும் சிரித்தார்கள். “குருநாதன் சார், எல்லாப் பக்கத்தையும் இப்படியே பண்ணிரலாமுங்களே. நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க, ஜெனிட்டாகிட்டயே விட்டுருங்க.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பார்க்கலாங்க என்றேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஸ்டாண்டில் வேறு யாருடைய வண்டியிலோ என் சாவியைச் செருகித் திருகிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 10, புதன்

காலையில் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். ஜெனிட்டா எழுதிய பக்கங்களில் விளக்கத்தோடு அடிவரி, நான் எழுதிய பழைய பக்கங்களில் பெயர் மட்டும். கையேடு பாதி வேட்டி பாதி பேண்ட் போட்ட மாதிரி நிற்கிறது. வெளியாக மூன்று வாரம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுத நேரம் கிடையாது. எடுத்துவிட நேரம் உண்டு.

ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி ஓட்டினேன். எல்லாப் பக்கங்களின் அடிவரியிலும் விளக்கங்கள் போய், பெயர்கள் மட்டும் அகரவரிசையில் நின்றன. வரிசையை மூடும் பக்கத்தில் இப்போது 'மேலும் பார்க்க: ட்ராப், ஹோல்ட்' என்று மட்டும் இருக்கிறது. சுத்தமாக, கண்ணுக்கு அடக்கமாக. நானும் ஜெனிட்டாவும் ஒரே பாஸ்வேர்டில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கில் நுழைந்து ஓட்டினேன், பெரிய மாற்றங்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

மனதில் ஒரு கசப்பும் இல்லாமல்தான் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜெனிட்டா ஊருக்குப் போயிருக்கிறார். வந்ததும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெனிட்டா வந்துவிட்டார். சாருமதிக்கென்று தனியாக ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ். இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாராம். அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம் நடுவில் புகுந்து அடிவரியைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை. அடுத்து அவர் பார்க்க வேண்டியவை இன்னும் தொடாத பக்கங்கள். முடித்தவற்றைத் திறந்தால் தானாகத் தெரிந்துகொள்ளப்போகிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நேற்று பதிப்பு வெளியானது. இன்று ஆபீசில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை பங்கு போட்டார்கள். ஜெனிட்டா என் விதிப்புத்தகத்தின் அட்டையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, “இதுவும் ஆயுதம்தானே சார்” என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்றும் சொல்லவில்லை. பூஜை நாள்.

அக்டோபர் 8, புதன்

தென்மாவட்டத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து போன். அங்கே ப்ரோகிராமராக இருக்கும் ஃபைரோஸ் என்ற பையன் பேசினான். மதுரைப் பேச்சு. குரல் நடுங்கியது.

கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை ஆபரேஷனுக்கு முதியவர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். முகாம் முடிந்த அன்று அந்த நாளின் வரிசையை மூட வேண்டும். மென்பொருள் மூடவில்லை, ஆள் மீதி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. பையன் எங்கள் கையேட்டைத் திறந்திருக்கிறான்.

“அடியில ரெண்டு பேரு இருந்துச்சு சார். மொதப் பேர அமுக்குனேன். மீதி இருக்கவங்கள வரிசையிலருந்து எடுக்கும்டு போட்டிருந்துச்சு. இன்னைக்கு வரிசையிலருந்து எடுத்து நாளைக்கு வச்சுக்கும் போலண்டு நெனச்சுட்டேன் சார்.”

அழிந்துவிட்டது. பெயர் மட்டுமல்ல, யாருக்கு எந்தக் கண், என்ன லென்ஸ், யாருக்குச் சர்க்கரை என்ற விவரமெல்லாம் அதோடு போயிற்று. பழைய நகல் முகாமுக்கு முந்தையது. ஆபரேஷன் நாளில் வேன் வேனாக வந்து இறங்கிய முதியவர்களை, மறுபடி பரிசோதித்த பிறகுதான் முடியும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சிலர் விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள்.

ட்ராப் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறதே தம்பி என்றேன். இருக்கத்தான் செய்கிறது, மூன்றாவது தலைப்பின் கீழ், இரண்டாவது பத்தியில். அவன் “ஆமா சார், அப்பறம் பாத்தேன்” என்றான்.

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ட்ராப், ஹோல்ட். அகரவரிசை சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

மீட்டிங். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொதித்துப்போய் இருக்கிறார்களாம். எங்கள் மென்பொருளே வேண்டாம் என்று பேச்சு அடிபடுகிறது. சென்னையில் இருக்கும் மேலிடம், யார் எழுதிய பக்கம் என்று கேட்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் எழுதியவர் பெயர் இருக்கும். ஜெனிட்டா.

“சார், நான் எழுதும்போது அந்த வரி இருந்துச்சு” என்றார் ஜெனிட்டா. “நீங்களே வாசிச்சீங்கல்லா, இதே ரூம்ல.”

சிதம்பரசாமி தலையாட்டினார். “வாசிச்சேங்க. அப்பறம் அது எங்க போச்சு?”

“நான் எடுக்கல சார்.”

பொதுக் கணக்கிலிருந்து மாற்றம் நடந்திருப்பதாகத்தான் பதிவில் இருக்கிறது. எந்தக் கை என்று அதில் தெரியாது. சிதம்பரசாமி என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஏதாவது தெரியுமுங்களா சார்?”

“பார்த்துச் சொல்றேங்க” என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் எல்லோர் முன்பும் எடுத்த எடுப்பில் பேசினால் வேறு மாதிரி அர்த்தமாகிவிடும். ஜெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டே பேர் உள்ள கட்சியில் ஒருவர் 'நான் எடுக்கவில்லை' என்றால் மீதி யார் என்று கணக்குப் போட சாருமதி வர வேண்டியதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சிதம்பரசாமி ஆபீசுக்கு வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அவர் நேற்று வந்தார், இன்றும் வந்தார்.

எனக்கு ஐம்பத்தோரு வயது. கையேடு எழுதுகிறவர்களை எல்லாக் கம்பெனிகளும் குறைத்துக்கொண்டு வருகின்றன. இந்த வயதில் வெளியே போய் யாரிடம் பயோடேட்டாவை நீட்டுவது? ஜெனிட்டாவுக்கு முப்பதுகூட முழுசாக ஆகவில்லை. நாளைக்கே நாலு இடத்தில் கிடைக்கும். மேலும் அந்தப் பையன் முழுப் பக்கத்தையும் படித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. விதி தப்பில்லை. இதையெல்லாம் இங்கே எழுதும்போது சரியாகத்தான் இருக்கிறது, படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஜெனிட்டா எதிரில் வந்து உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

“சார், நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. எதுக்காக எடுத்தீங்களோ அதுக்குக் காரணம் இருக்கும். அதையே சொல்லுங்க போதும். விதிப்படி எடுத்தேன்னு சொன்னா அவங்க உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நான்தான் சார் காண்டிராக்ட்ல இருக்கேன்.”

பார்க்கலாம்மா என்றேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று வேறு சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெனிட்டாவின் காண்டிராக்ட் நீட்டிக்கப்படவில்லை. மேலிடத்து முடிவு. தீபாவளி விடுமுறைக்குக் கிளம்பும் நாள் என்பதால், கம்பெனி கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸை எல்லோரோடும் சேர்ந்து அவரும் வாங்கிக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த கையிலேயே பாக்ஸைக் கொடுத்தார்கள்.

என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். “வாரேன் சார். சாருமதி அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றார். அவ்வளவுதான். லிஃப்ட் வரை கூடப் போயிருக்கலாம், போகவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சாருமதி எண்ணெய் வைத்துவிடும்போது, “ஜெனிட்டா பொண்ணு ஒரு வாழ்த்துகூட அனுப்பலையே, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

அக்டோபர் 29, புதன்

ஆஸ்பத்திரிக்காரர்களைச் சமாதானம் செய்தாகிவிட்டது. அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, கையேட்டில் 'மேலும் பார்க்க' என்று அனுப்பும் இடத்தில் எதற்கு அனுப்புகிறீர்கள் என்று சொல்ல வேண்டும் என்பது. சிதம்பரசாமி என்னைக் கூப்பிட்டு, “அந்த வரிகளையெல்லாம் திரும்பப் போட்டுருங்க சார்” என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பழைய நகலிலிருந்து ஜெனிட்டாவின் வரிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கிறேன். இதற்கும் ஒரு ப்ரோகிராம் போதும். ஆனால் கையால்தான் செய்கிறேன், படித்துப் படித்து. இத்தனை நாளும் நான் அவற்றை ஒழுங்காகப் படித்ததே இல்லை. நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும், பக்கத்தைத் திறந்தவர் எந்த அவசரத்தில் இருப்பார் என்று யோசித்து எழுதியிருக்கிறார். எங்கே தடுக்கும், எங்கே குழம்பும் என்று தெரிந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. அன்றைக்கு மீட்டிங்கில் அவர் வரியைப் படித்து எல்லோரும் சிரித்தபோதே எனக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன். கசப்பில்லாமல் செய்ததாக எழுதி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டி மெயில் வந்திருக்கிறது. இப்போது கையேட்டில் வழி தெளிவாகத் தெரிகிறது, எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்று புரிகிறது என்று. மேலிடம் அதை எல்லோருக்கும் அனுப்பி, 'குருநாதன் அவர்களின் உழைப்புக்கு நன்றி' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. கை குலுக்கினார்கள். குலுக்கக் கொடுத்தேன். சாயங்காலம் சாருமதிக்கு மைசூர்பா வாங்கிப் போனேன்.

“என்னங்க விசேஷம்?”

“சும்மாதான்.”

“சும்மா வாங்கற ஆளா நீங்க” என்று கேலி செய்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெனிட்டாவை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். முழுவதையும் சொன்னேன். மைசூர்பாவை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு பிள்ளைய எப்பக் கூட்டிட்டு வரும்னு நாம ரெண்டு பேரும்தானே பேசிட்டிருந்தோம்” என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

ஃபைரோஸ் போன் செய்தான். புது அடிவரிகளுக்கு நன்றி சொல்லத்தான். வேலை போகவில்லையா என்று கேட்டேன்.

“போகல சார். போயிரும்டுதான் நெனச்சேன். மறுபடி முகாம் போட்டப்ப நானும் வேன்ல போனேன். ஒக்காந்திருந்தவங்க கிட்ட, உங்க பேரையெல்லாம் அழிச்சது நான்தான்டு சொன்னேன். ஒரு பெரியவரு நல்லா ஏசிட்டாரு சார். ஏசி முடிச்சுட்டு, சரி இப்ப ஒழுங்கா எழுதிக்கோண்டு பேரச் சொன்னாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பயம் விட்டுப்போனவனின் சிரிப்பு. பிறகு, “அந்தப் பக்கத்த எழுதுன மேடம் போயிட்டாங்களாமே சார், எம்மேல கோவமா இருப்பாங்களா?” என்று கேட்டான்.

உன் மேல் இருக்காது தம்பி என்றேன். வைத்த பிறகு வேலை ஓடவில்லை. என் வயதில் பாதிகூட ஆகாத பையன் ஒரு வேன் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறான். நான் ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் ஏசி போட்ட அறையில்.

நவம்பர் 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சிதம்பரசாமியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த வரிகளை எடுத்தது நான்தான், ஜெனிட்டாவிடம்கூடச் சொல்லாமல் எடுத்தேன், கேட்டபோது மழுப்பினேன் என்றேன். விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“தெரியுமுங்க சார்” என்றார்.

பேனாவை மேஜையில் வைத்தார்.

“இருக்கறதே நீங்க ரெண்டு பேரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மேல ஒரு பேர் கேட்டாங்க. பக்கத்துக்கு அடியில இருந்த பேரக் குடுத்தேன். நீங்களா வந்து நான்தான்னு சொல்லியிருந்தீங்கன்னா, அத வெச்சு நான் பேசியிருப்பேன். அந்தப் பொண்ணையும் காப்பாத்தியிருக்கலாம், உங்களுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு வாரம் காத்திருந்தேன். நீங்க வரலீங்களே.”

கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவேளை அவர் மேலும் தப்பு இருக்கலாம். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன். அழுகை வந்தது, அழுதேன்.

நவம்பர் 12, புதன்

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு சரி. ஜெனிட்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள மேலிடம் சம்மதித்துவிட்டது. காண்டிராக்ட் இல்லை, நிரந்தரமாகவே. “நல்ல சேதி. நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க சார், அதுதான் முறை” என்றார் சிதம்பரசாமி.

சாருமதியிடம் சொன்னதும் அவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். ஜெனிட்டா அட்வான்ஸ் கொடுத்த வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்க இப்போதே கிளம்புகிறேன் என்றாள். நாளைக்கு முதலில் பேசிவிடுகிறேன், பொறு என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் மொட்டை மாடிக்குப் போய் ஜெனிட்டாவுக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

“சொல்லுங்க சார்.” பின்னால் குக்கர் விசில் அடித்தது.

நலம் விசாரித்தேன். எல்லோரும் சௌக்கியம் என்றார். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நாகர்கோவிலில் இந்த மாதிரி வேலை இல்லை, வீட்டிலிருந்து பார்ப்பதற்கு ஏதாவது கிடைத்தால் நல்லது என்றார்.

“சிதம்பரசாமி சார்கிட்ட சொல்லிட்டேம்மா. நான்தான் எடுத்தேன்னு.”

“அப்படியா சார்” என்றார்.

“உங்களத் திரும்ப வரச் சொல்றாங்க. பெர்மனென்ட்டாவே எடுத்துக்கறாங்க. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்துரலாம். சாருமதி வீடு பாக்கவே கெளம்பிட்டா.”

“அக்காகிட்ட ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க சார்” என்றார். “நான் வரல.”

“ஏம்மா? இன்னும் வேற வேலைகூடக் கிடைக்கலையே?”

“நான் எழுதுறத நீங்கதான சார் படிச்சுப் பாப்பீங்க?”

குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“ஆமா” என்றேன்.

“அதான் சார்.”

அவர் வீட்டுக்குள் ஒரு சின்னக் குரல் அம்மா என்று கூப்பிட்டது. “வேற ஒண்ணும் இல்லயே சார்? பிள்ளைய ஸ்கூல்ல விடணும்” என்றார் ஜெனிட்டா.

“இல்லம்மா” என்றேன்.

வைத்துவிட்டார். கீழே இறங்கப் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. சிதம்பரசாமியிடம் சொன்னதைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன், சாருமதியைச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்ப மேலே ஏறி மறுபடி அடித்தேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவர் எடுக்கவில்லை.